அமெரிக்கப் படையின் முன்னாள் போர்க்கைதிக்கும் அவர் மனைவிக்கும் என்னென்ன உதவி உண்டு, எப்படிக் கேட்டு வாங்குவது: முழுமையான வழிகாட்டி

அமெரிக்கப் படையில் பணியாற்றி, எதிரியிடம் பிடிபட்டு, உயிரோடு திரும்பியவர்களுக்கு அந்த நாடு சட்டத்தில் தனியாகச் சில உரிமைகளை எழுதி வைத்திருக்கிறது. மாதாமாதம் பணம், மருத்துவம், பல் சிகிச்சை, அவர் இறந்த பிறகு மனைவிக்கு உதவித்தொகை என்று பட்டியல் நீளமானது. ஆனால் கேட்காதவருக்கு இதில் எதுவும் வீடு தேடி வராது. கேட்காமலே இறந்துபோனவர்கள் ஏராளம். அவர்களுடைய மனைவிமார் இன்றும் வாடகைக்கும் மருந்துக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழில் ஏன் இதை எழுத வேண்டும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் வாழும் நம்மவர்களில் டாக்டராகவும் நர்ஸாகவும் முதியோர் இல்லப் பணியாளராகவும் இருப்பவர்கள் கணிசம். வியட்நாமில் சிறை இருந்த ஒருவர் உங்கள் வார்டிலேயே படுத்திருக்கலாம். பக்கத்து வீட்டுப் பாட்டியின் கணவர் கொரியாவில் பிடிபட்டவராக இருக்கலாம். மகன் அல்லது மகள் கல்யாணம் செய்துகொண்ட குடும்பத்தில் அப்படி ஒரு தாத்தா இருந்திருக்கலாம். விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பித் தந்தால் போதும், காரியம் நடந்துவிடும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. சாதாரணப் படைவீரர் உதவித்தொகை கேட்டால், இன்றைய நோய்க்கும் அன்றைய பணிக்கும் உள்ள தொடர்பை அவர்தான் காட்ட வேண்டும். போர்க்கைதியாக இருந்தவருக்கு, குறிப்பிட்ட நோய்கள் விஷயத்தில், அந்தச் சுமை இல்லை. சிறை முகாமில் யாரும் மருத்துவக் குறிப்பேடு வைத்திருக்கவில்லை என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும். ஆகவே அவர் கைதியாக இருந்தார், இன்று இந்த நோய் இருக்கிறது என்ற இரண்டும் உறுதியானால், நடுவில் உள்ள தொடர்பைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

படி 1: அவர் சட்டப்படி போர்க்கைதியா என்று பாருங்கள்

அமெரிக்காவில் படைவீரர் நலனைக் கவனிக்கும் அரசுத் துறையை எல்லோரும் வி.ஏ. என்றே சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். வி.ஏ. கணக்கில் முன்னாள் போர்க்கைதி என்பவர், பணியில் இருக்கும்போது, கடமையின் போக்கில், எதிரி அரசாலோ அதன் ஆட்களாலோ ஆயுதக் குழுவாலோ பலவந்தமாகப் பிடித்து வைக்கப்பட்டவர்.

அறிவிக்கப்பட்ட போர் நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போர்க்காலச் சிறைக்கு ஒப்பான நிலையில் வைக்கப்பட்டிருந்தாலும் சேரும். 1968 ஜனவரியில் வட கொரியா பிடித்துக்கொண்டுபோன ப்யூப்ளோ கப்பலின் மாலுமிகள் 82 பேர் பதினோரு மாதம் அடி உதை பட்டுத் திரும்பினார்கள். அப்போது அமெரிக்காவுக்கும் வட கொரியாவுக்கும் நேரடிப் போர் நடக்கவில்லை. போர்க்கைதிப் பதக்கம் அவர்களுக்குப் பல ஆண்டு கழித்துத்தான் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தில் இறங்க நேர்ந்து, பின்பு தப்ப முயன்று வாவிலர்மூஸ் தண்டனை முகாமில் அடைபட்ட அமெரிக்க விமானப் படையினருக்கு அதே பதக்கம் 2014-ல்தான் வந்தது. எனவே "அவர் சும்மா கொஞ்ச நாள் மாட்டிக்கொண்டார், அதெல்லாம் கணக்கில் வராது" என்று குடும்பத்தார் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். முடிவு செய்ய வேண்டியது வி.ஏ.

எத்தனை நாள் இருந்தார் என்பதும் முக்கியம், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. சில நோய்களுக்கு ஒரு நாள் சிறை போதும், சிலவற்றுக்கு 30 நாள் வேண்டும். அது படி 4-ல் வருகிறது. படையில் இருந்து அவமதிப்போடு வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் இந்தப் பாதை பொதுவாக அடைபட்டிருக்கும்.

படி 2: நாளைக் குறித்து வையுங்கள்

சான்றுகளைத் தேடி அலைவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். "விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன்" என்று தெரிவிக்கும் ஒரு சின்னப் படிவம் இருக்கிறது, எண் 21-0966. இதைக் கொடுத்த நாளில் இருந்து ஓர் ஆண்டுக்குள் முழு விண்ணப்பத்தைக் கொடுத்தால் போதும். வெற்றி கிடைத்தால், பொதுவாக இந்தச் சின்னப் படிவம் போய்ச் சேர்ந்த நாளை வைத்தே நிலுவைத் தொகையைக் கணக்கிடுவார்கள். வி.ஏ. இணையதளத்தில் இயலாமை உதவித்தொகை விண்ணப்பத்தைத் தொடங்கினாலே இந்த நாள் பதிவாகிவிடும். 1-800-827-1000 என்ற வி.ஏ. தொலைபேசியில் சொல்லியும் பதியலாம். விதவை மனைவி கேட்கும் உதவிக்கும் இதே படிவம்தான்.

முதியவர்கள் விஷயத்தில் ஒரு மாதத் தாமதம்கூடக் கனமானது. சான்று தேடவே ஆறேழு மாதம் ஆகிவிடும். இதைச் செய்யாமல் விட்டால் அத்தனை மாதப் பணமும் போனதுதான்.

படி 3: கைதியாக இருந்ததற்குச் சான்று

படைத்துறையே "ஆம், இவர் போர்க்கைதி" என்று சொல்லியிருந்தால் வி.ஏ. பெரும்பாலும் அதை அப்படியே ஏற்கும். வியட்நாம் கைதிகள் விஷயத்தில் சிக்கலே இருக்காது. 1973-ல் ஹோம்கமிங் நடவடிக்கையில் திரும்பிய 591 பேரின் பெயரும் பதிவில் உண்டு. சிக்கல் வருவது இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் ஆட்களுக்கு.

பணி விடுப்புச் சான்றிதழில் இருந்து தொடங்குங்கள். டி.டி. 214 என்ற படிவம் 1950-ல்தான் வந்தது. அதற்கு முன் விடுபட்ட தரைப்படையினரிடம் டபிள்யூ.டி. ஏ.ஜி.ஓ. 53-55 என்று ஒரு தாள் இருக்கும். வீட்டில் இல்லை என்றால் எஸ்.எஃப். 180 என்ற படிவத்தை நிரப்பி செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு அனுப்ப வேண்டும். படைவீரர் இறந்திருந்தால், மறுமணம் செய்யாத மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் கேட்கலாம். படையை விட்டு 62 ஆண்டு கடந்தவர்களின் கோப்பு பொது ஆவணம் ஆகிவிடுகிறது. யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம், அதற்குக் கட்டணம் உண்டு.

இங்கேதான் பலருடைய மனம் உடைந்துபோகிறது. 1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தில் பிடித்த தீயில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்துபோயின. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையை விட்டவர்களின் கோப்புகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு போய்விட்டன. 1947 செப்டம்பர் முதல் 1964 ஜனவரி வரை விமானப் படையை விட்டவர்களில், பெயர் அகர வரிசையில் பிற்பகுதியில் வருபவர்களின் கோப்புகளில் 75 விழுக்காடு அழிந்தன. "உங்கள் கோப்பு கிடைக்கவில்லை" என்று ஒரு கடிதம் வந்தால் அதோடு எல்லாம் முடிந்தது என்று குடும்பத்தார் நினைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. என்.ஏ. 13055 என்ற படிவத்தில் தெரிந்த விவரங்களை எழுதிக் கொடுத்தால், சம்பளப் பதிவு, மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவு, படைப்பிரிவின் காலை அறிக்கை என்று வேறு இடங்களில் இருப்பதைத் திரட்டி மறுபடி உருவாக்கப் பார்ப்பார்கள்.

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தரவுத்தளத்தில் இரண்டாம் உலகப் போர், கொரியப் போர்க் கைதிகளின் பட்டியல்கள் இருக்கின்றன. பெயரையோ படை எண்ணையோ போட்டுத் தேடினால் எந்த முகாம் என்பதுகூடச் சில சமயம் கிடைத்துவிடும். இலவசம். முதலில் இதைப் பாருங்கள்.

அப்புறம் வீட்டுப் பரணைப் பாருங்கள். "உங்கள் மகன் காணவில்லை" என்று அரசு அனுப்பிய தந்தி, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், ஜெர்மன் முகாமில் இருந்து வந்த, கைதி அஞ்சல் என்று அச்சிட்ட தபால் அட்டை, முகாம் எண் பொறித்த தகரத் துண்டு, உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த நாலு வரிச் செய்தி எல்லாமே சான்றுதான். கூட இருந்த நண்பர் உயிரோடு இருந்தால் 21-10210 என்ற படிவத்தில் அவரது வாக்குமூலத்தை வாங்குங்கள். மனைவியும் பிள்ளைகளும்கூட அதில் எழுதலாம். "தூக்கத்தில் கத்துவார், தட்டில் ஒரு பருக்கை மீதம் வைக்க விடமாட்டார்" என்பது போன்ற விவரங்கள் பிறகு மனநலக் கோரிக்கைக்கு மிகவும் உதவும்.

போர்க்கைதிப் பதக்கம் வாங்கியிருந்தால் அதையும் இணையுங்கள். அதற்கான சட்டம் 1985-ல் வந்தது, 1917 ஏப்ரல் 5 முதல் கைதியானவர்கள் வரை பின்னோக்கிச் செல்லும். இறந்தவருக்காகக் குடும்பத்தாரும் கேட்கலாம்.

படி 4: எந்த நோய்களுக்கு?

இதுதான் வழிகாட்டியின் மையம், நிதானமாகப் படியுங்கள்.

சிறையில் ஒரு நாள் இருந்தாலும் போதும் என்ற வரிசையில் வருபவை: மனநோய், பதற்றக் கோளாறுகள் அனைத்தும், நாட்பட்ட மனச்சோர்வு, காயத்துக்குப் பின் வரும் மூட்டுவாதம், ரத்தக்குழாய் அடைப்பால் வரும் இதய நோய், உயர் ரத்த அழுத்தத்தால் வரும் நோய், இவை இரண்டின் விளைவாக வரும் மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, துடிப்புக் கோளாறு, பிறகு பக்கவாதமும் அதன் பின்விளைவுகளும். கடுங்குளிரில் அடைபட்டிருந்தவர் என்றால் உறைபனிக் காயத்தின் பின்விளைவுகளும் சேரும். போர் அதிர்ச்சியால் வரும் பி.டி.எஸ்.டி. இருப்பவருக்கு ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்பு மெலிவும் 2008-ல் சேர்க்கப்பட்டது.

30 நாளோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்குக் கூடுதலாக: பெரிபெரி, பெல்லாக்ரா உட்பட வைட்டமின் குறைவால் வரும் நோய்கள், ஊட்டச்சத்துக் குறைபாடும் அதனால் வந்த பார்வை நரம்புச் சிதைவும், நாட்பட்ட சீதபேதி, குடற்புழு நோய், வயிற்றுப்புண், ஐ.பி.எஸ். என்கிற குடல் கோளாறு, கை கால் நரம்புப் பாதிப்பு, கல்லீரல் சிரோசிஸ். 2009-ல் இருந்து எலும்பு மெலிவு இந்த வரிசையிலும் உண்டு, இதற்கு பி.டி.எஸ்.டி. தேவையில்லை.

இரண்டு நிபந்தனைகள். நோய் குறைந்தது 10 விழுக்காடு இயலாமை அளவுக்கு இருக்க வேண்டும். படையை விட்டு எத்தனை ஆண்டு கழித்து வந்தது என்பது பொருட்டல்ல, 85 வயதில் வந்தாலும் ஏற்கப்படும். இன்னொன்று, வேறு காரணத்தால்தான் வந்தது என்பதற்கு உறுதியான எதிர்ச்சான்று இருந்தால் வி.ஏ. மறுக்கலாம்.

இந்தப் பட்டியல் ஒரே நாளில் எழுதப்பட்டதல்ல. 1970-ல் சின்னதாகத் தொடங்கியது. 1981-ல் முன்னாள் போர்க்கைதிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2003-ல் சில நோய்களுக்கு 30 நாள் நிபந்தனை எடுக்கப்பட்டது. இதய நோயின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜப்பானிய முகாம்களில் தீட்டிய அரிசிக் கஞ்சியை மட்டும் தின்று தயாமின் சத்து இல்லாமல் கால் வீங்கிக் கிடந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் அதிகமாக வந்ததை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 1990களில், முகாமில் கால் வீக்கம் இருந்தவருக்கு மட்டும் இதய நோயை ஏற்றார்கள். 2004-ல் கால் வீக்க நிபந்தனையை எடுத்துவிட்டு, இதய நோயையும் பக்கவாதத்தையும் எல்லா முன்னாள் கைதிகளுக்கும் திறந்துவிட்டார்கள். அதாவது 1985-லோ 1998-லோ "இல்லை" என்று கடிதம் வாங்கிய குடும்பம் இன்று மறுபடி கேட்டால் "ஆம்" கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. பழைய மறுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டாம்.

முகாமுக்கு முகாம் கொடுமையின் அளவு வேறு. ஜப்பானியர் கையில் அகப்பட்ட அமெரிக்கக் கைதிகளில் பத்துக்கு நாலு பேர் திரும்பவில்லை. ஜெர்மனியில் இருந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இறந்தார்கள். கொரியப் போரில் பிடிபட்ட 7,140 பேரில் 2,701 பேர் சிறையிலேயே மாண்டார்கள். ஆனாலும் சட்டம் ஜெர்மன் முகாம், ஜப்பான் முகாம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். துன்பத்தை எடை போடும் வேலையை ஓர் அலுவலரின் மேசையில் வைத்திருந்தால் இன்னும் பல பேர் வெளியே நின்றிருப்பார்கள்.

போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் - பர்மா ரயில் பாதையில் அமெரிக்கக் கைதிகளும் சில நூறு பேர் இருந்தார்கள். மூழ்கடிக்கப்பட்ட ஹூஸ்டன் போர்க்கப்பலில் இருந்து பிழைத்தவர்களும், ஜாவாவில் பிடிபட்ட டெக்சாஸ் பீரங்கிப் படையினரும். அதே பாதையில் மண் சுமந்து, அதே வாந்திபேதியில் செத்தவர்கள், மலாயா தோட்டங்களில் இருந்து கொண்டுபோகப்பட்ட ஆயிரமாயிரம் தமிழர்கள். உயிர் பிழைத்த டெக்சாஸ்காரருக்குப் பெரிபெரிக்கும் நரம்புப் பாதிப்புக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது. படையாள் அல்ல, கூலி என்பதால் தமிழருக்கு இப்படி ஒரு சட்டத்தை எந்த நாடும் எழுதவில்லை. அமெரிக்கர் பெற்றது தவறு என்று சொல்ல வரவில்லை. பெற வேண்டிய எல்லோரும் பெறவில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் என்னால் கடக்க முடியவில்லை.

படி 5: விண்ணப்பம்

இயலாமை உதவித்தொகைக்கான படிவம் 21-526ஈஇசட். இணையத்திலும் நிரப்பலாம், தபாலிலும் அனுப்பலாம். கைதியாக இருந்தாரா என்ற கேள்வி படிவத்திலேயே உண்டு, நாட்களைக் கவனமாக எழுதுங்கள். நோய்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே எழுத வேண்டும். "உடம்பு சரியில்லை" என்று எழுதினால் வேலைக்காகாது. பட்டியலில் இருக்கும் ஒன்றுக்கு மருத்துவர் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரையே எழுதுங்கள்.

இதோடு 20-10207 என்ற முன்னுரிமைக் கோரிக்கைப் படிவத்தையும் சேருங்கள். முன்னாள் போர்க்கைதி என்பதே முன்னுரிமைக்குப் போதுமான காரணம், 85 வயது கடந்தவருக்கு அதுவும் தனிக் காரணம்.

தனியாகச் செய்ய வேண்டாம். வி.ஏ.வின் ஒவ்வொரு வட்டார அலுவலகத்திலும் முன்னாள் போர்க்கைதிகளுக்கென்று ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். தொலைபேசியில் "போர்க்கைதி ஒருங்கிணைப்பாளரிடம் பேச வேண்டும்" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பொது வரிசையில் நின்று பொதுப் பதில் வாங்கி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துத் தரக் கட்டணம் வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. "உயர்வில் இத்தனை மாதப் பணம் எங்களுக்கு" என்று ஒப்பந்தம் நீட்டுபவர் யாராக இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். வி.ஏ. அங்கீகாரம் பெற்றவரா என்று அதன் இணையதளத்திலேயே பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

படி 6: மருத்துவப் பரிசோதனை

விண்ணப்பம் போனதும் பரிசோதனைக்கு அழைப்பார்கள். முன்னாள் கைதிகளுக்கு வழக்கமான பரிசோதனையை விட விரிவான ஒன்று உண்டு. தலை முதல் கால் வரை உடலையும், கூடவே மனநலத்தையும் பார்ப்பார்கள். அதற்கு முன் 10-0048 என்ற படிவத்தில் சிறைக் கால மருத்துவ வரலாற்றை எழுத வேண்டும். என்ன சாப்பிட்டார், எடை எவ்வளவு குறைந்தது, அடித்தார்களா, தனிமையில் வைத்தார்களா, என்ன காய்ச்சல் வந்தது என்று கேட்கும் நீளமான படிவம். ஒரே அமர்வில் நிரப்ப முயலாதீர்கள். நாலைந்து நாள் எடுத்துக்கொண்டு, அவர் பேசும் நேரம் பார்த்து எழுதுங்கள். சிலர் மனைவி இருக்கும்போது பேசமாட்டார்கள், சிலர் மனைவி இருந்தால்தான் பேசுவார்கள்.

இந்தத் தலைமுறை ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "நன்றாக இருக்கிறேன்" என்பார்கள். விடுதலையான அன்று சொன்ன அதே பதில்தான். அப்போது "உடம்புக்கு ஏதாவது?" என்று படை மருத்துவர் கேட்டபோது, இருக்கிறது என்றால் மருத்துவமனையில் நிறுத்திவிடுவார்கள், வீட்டுக்குப் போகத் தாமதமாகும் என்று பலர் இல்லை என்றே கையெழுத்துப் போட்டார்கள். கூட இருந்தவர்கள் செத்துப்போனார்கள், நான் எதைக் கேட்பது என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். பரிசோதகர் முன்பும் இதே பதிலைச் சொன்னால் 10 விழுக்காடுகூடக் கிடைக்காது.

நாம் செய்யக்கூடியது, அவரோடு கூடப் போவது. நல்ல நாள் எப்படி இருக்கும் என்று சொல்லச் சொல்லாமல், மோசமான நாள் எப்படி இருக்கும் என்று சொல்லச் சொல்வது. படி ஏறும்போது எத்தனையாவது படியில் மூச்சு வாங்குகிறது, இரவில் எத்தனை தடவை விழிக்கிறார், பாதம் மரத்துப்போய் எத்தனை தடவை விழுந்தார் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். மிகைப்படுத்த வேண்டாம், உள்ளதைக் குறைக்காமல் இருந்தால் போதும். ஒருவர் பேச மறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். எழுதித் தரச் சொல்லுங்கள், அதுவும் முடியாது என்றால் மனைவியின் வாக்குமூலத்தைச் சேருங்கள்.

படி 7: என்ன கிடைக்கும்?

இயலாமையை 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக மதிப்பிடுவார்கள். 10 விழுக்காட்டுக்கு மாதம் 175 டாலருக்குச் சற்று மேல் தொடங்கி, 100 விழுக்காடு உள்ள, தனியாக வாழும் ஒருவருக்கு 3,800 டாலருக்கு மேல் போகும். மனைவி இருந்தால் இன்னும் கூடும். இதற்கு வருமான வரி இல்லை. விலைவாசியைப் பொறுத்து ஒவ்வொரு டிசம்பரிலும் மாறும்.

பல நோய்களைச் சேர்க்கும் கணக்கு நம் பள்ளிக்கூடக் கூட்டல் அல்ல. இதயத்துக்கு 50, நரம்புக்கு 30 என்றால் 80 கிடைக்காது. முதலில் 50 போக மீதி 50. அந்த மீதியில் 30 விழுக்காடு 15. ஆக 65, அதை முழுமையாக்கி 70 என்று தருவார்கள். கடிதம் வரும்போது ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காமல் இருக்க இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஒரு நோய்க்கே 60, அல்லது பலவும் சேர்ந்து 70 வந்து அதில் ஒன்று 40 இருந்தால், நோயால் வேலை செய்ய முடியாத நிலையைக் காட்டி 100 விழுக்காட்டுத் தொகையையே கேட்கலாம். படிவம் 21-8940. வயதாகிவிட்டது என்பதைக் காரணம் காட்டி இதை மறுக்கக் கூடாது. இது விதவை மனைவியின் உரிமையோடும் தொடர்புள்ளது, கீழே பாருங்கள்.

மருத்துவத்துக்குத் தனி விண்ணப்பம், 10-10ஈஇசட். முன்னாள் போர்க்கைதி என்றாலே மூன்றாம் முன்னுரிமைப் பிரிவில் சேர்ப்பார்கள், இயலாமை 50 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் முதல் பிரிவு. வி.ஏ. மருத்துவமனையில் வெளிநோயாளியாகவோ உள்நோயாளியாகவோ பார்த்தாலும், மருந்து வாங்கினாலும் அவர் தன் பங்காக எதுவும் கட்ட வேண்டாம். தேவைப்படும் பல் சிகிச்சை அனைத்தும் உண்டு. மற்ற படைவீரர்களில் மிகச் சிலருக்கே இந்த வாய்ப்பு இருக்கிறது. சிறையில் பல் இழந்தவர்கள், ஈறு கெட்டவர்கள் ஏராளம். இயலாமை விண்ணப்பம் கிடப்பில் இருந்தாலும் மருத்துவத்துக்கு இப்போதே பதியலாம்.

வியட்நாமில் இருந்து திரும்பியவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. புளோரிடாவில் பென்சகோலா கடற்படை விமானத் தளத்தில் உள்ள ராபர்ட் மிட்செல் மையம் அவர்களைப் பல ஆண்டுகளாகப் பரிசோதித்து வருகிறது. அங்கே சேர்ந்துள்ள மருத்துவப் பதிவுகளை விண்ணப்பத்தோடு இணைத்தால் வலுவான சான்று.

படி 8: "இல்லை" என்று வந்தால்

முடிவுக் கடிதத்தின் தேதியில் இருந்து ஓர் ஆண்டுக்குள் மூன்று வழிகளில் ஒன்றை எடுக்கலாம். புதுச் சான்று இருந்தால் 20-0995. புதுச் சான்று இல்லை, ஆனால் சட்டத்தைத் தவறாகப் பொருத்திவிட்டார்கள் என்றால் மூத்த அலுவலர் ஒருவர் பார்க்கும்படி 20-0996. மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக 10182. போர்க்கைதி விண்ணப்பத்தில் அதிகம் பார்க்கும் தவறு, "பணிக் காலத்தில் இந்த நோய் இருந்ததற்குப் பதிவு இல்லை" என்று காரணம் எழுதுவது. பட்டியலில் உள்ள நோய்க்கு அந்தப் பதிவே தேவையில்லை என்பதால், இரண்டாவது வழியிலேயே இது பெரும்பாலும் சரியாகிவிடும். ஓர் ஆண்டு தவறிவிட்டாலும் புதுச் சான்றோடு 20-0995 எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், பழைய நிலுவை மட்டும் போய்விடும்.

படி 9: அவர் இறந்துவிட்டார், மனைவி இருக்கிறார்

இரண்டாம் உலகப் போர்க் கைதிகள் மிகச் சிலரே இன்று உயிரோடு இருக்கிறார்கள். ஆகையால் இந்தப் படிதான் இன்றைக்கு மிகப் பலருக்குப் பயன்படும். டி.ஐ.சி. என்று ஒரு மாத உதவித்தொகை. மாதம் 1,650 டாலருக்கு மேல், வரி கிடையாது. படிவம் 21பி-534ஈஇசட்.

கிடைக்க இரண்டு பாதைகள். முதலாவது, பணியோடு தொடர்புள்ள நோயால் இறந்திருக்க வேண்டும். அவர் உயிரோடு இருந்தபோது ஒரு விண்ணப்பமும் போடாமல் இருந்திருக்கலாம், பரவாயில்லை. இறப்புச் சான்றிதழில் காரணம் மாரடைப்பு, பக்கவாதம், சிரோசிஸ் என்று இருந்தால், படி 4-ல் சொன்ன அதே சலுகை மனைவிக்கும் பொருந்தும். மாரடைப்பு நேரடிக் காரணமாக இல்லாமல் துணைக் காரணமாக எழுதப்பட்டிருந்தாலும் கேளுங்கள். காரணம் மொட்டையாக எழுதப்பட்டிருந்தால் சிகிச்சை தந்த மருத்துவரிடம் விளக்கக் கடிதம் வாங்குங்கள்.

இரண்டாவது பாதையில் எதனால் இறந்தார் என்பது கேள்வியே இல்லை. இறப்புக்கு முன் குறிப்பிட்ட காலம் முழு இயலாமை மதிப்பீட்டில் இருந்திருந்தால் போதும். மற்றவர்களுக்குப் பொதுவாக இது 10 ஆண்டு, முன்னாள் போர்க்கைதிக்கு ஓர் ஆண்டு. படி 7-ல் சொன்ன, வேலை செய்ய முடியாத நிலைக்கான 100-ம் இதில் கணக்கில் வரும். அதனால்தான் 90 வயதில் இனி எதற்கு விண்ணப்பம் என்று கேட்பவரிடம், "ஐயா, உங்களுக்கு வேண்டாம் என்றால் அம்மாவுக்காகப் போடுங்கள்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர்கள் பேனாவை எடுக்கிறார்கள்.

பொதுவாகத் திருமணமாகி ஓராண்டாவது சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது இருவருக்கும் குழந்தை இருக்க வேண்டும். 55 வயதுக்கு மேல் மறுமணம் செய்துகொண்டாலும் தொகை நிற்காது. இறந்து ஓர் ஆண்டுக்குள் கேட்டால் இறந்த மாதத்தில் இருந்தே கணக்கு. முப்பது ஆண்டு கழித்துக் கேட்டாலும் கிடைக்கும், கேட்ட நாளில் இருந்து. இறக்கும்போது அவருடைய விண்ணப்பம் நிலுவையில் இருந்தால், அதையும் ஓர் ஆண்டுக்குள் மனைவி தன் பெயரில் தொடரலாம். ட்ரைகேர் என்ற படைத்துறை மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதி இல்லாதவர்கள் சாம்ப்-வி.ஏ. என்ற மருத்துவ உதவியையும் சேர்த்துக் கேளுங்கள். தேசிய இடுகாட்டில் இடமும் கல்லறைக் கல்லும் கட்டணம் இல்லாமல் தருவார்கள், மனைவிக்கும் அங்கேயே இடம் உண்டு.

படி 10: தொண்டு அமைப்புகளும் மாநில உதவிகளும்

பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் படை காத்துநின்ற பட்டான் தீபகற்பம் ஜப்பானியரிடம் வீழ்ந்தது 1942 ஏப்ரல் 9. ஐந்தே நாளில், ஏப்ரல் 14 அன்று, நியூ மெக்சிகோவின் ஆல்புகர்கி நகரில் பிடிபட்ட வீரர்களின் குடும்பத்தார் ஒன்றுகூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த ஒரு மாநிலத்தில் இருந்து மட்டும் சுமார் 1,800 பேர் பிலிப்பைன்ஸில் இருந்தார்கள், ஏறக்குறையப் பாதிப் பேரே திரும்பினார்கள். பிள்ளைகளுக்கு உணவும் மருந்தும் அனுப்பத் தொடங்கிய அந்தக் கூட்டம்தான் பிறகு அமெரிக்க முன்னாள் போர்க்கைதிகள் சங்கமாக வளர்ந்தது. 1981 சட்டத்தின் பின்னாலும் நோய்ப் பட்டியல் விரிந்ததன் பின்னாலும் இவர்களைப் போன்றோரின் விடாப்பிடியான உழைப்பு இருக்கிறது. உறுப்பினர்கள் முதுமையடைந்ததால் உள்ளூர்க் கிளைகள் பல மூடப்பட்டுவிட்டன. அருகில் கிளை இருந்தால் முதலில் அங்கே போங்கள், இவர்களுக்குப் புரிவது போல மற்றவர்களுக்குப் புரியாது.

கிளை இல்லாத ஊரில் 1920-ல் தொடங்கிய ஊனமுற்ற அமெரிக்கப் படைவீரர்கள் அமைப்பு, அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூ. ஆகிய படைவீரர் சங்கங்கள் விண்ணப்பம், மேல்முறையீடு இரண்டிலும் இலவசமாக உதவும். 21-22 என்ற படிவத்தில் கையெழுத்திட்டால் அவர்கள் உங்கள் சார்பில் வி.ஏ.விடம் பேசலாம். உறுப்பினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மாவட்ட அளவிலும் பெரும்பாலான இடங்களில் படைவீரர் சேவை அலுவலர் ஒருவர் உண்டு, அவருக்கும் கட்டணம் இல்லை.

தொலைதூர மருத்துவமனையில் சிகிச்சை என்றால் ஃபிஷர் ஹவுஸ் நினைவில் இருக்கட்டும். படைத்துறை, வி.ஏ. மருத்துவமனைகள் பலவற்றின் வளாகத்திலேயே குடும்பத்தார் தங்க இலவச வீடுகள் கட்டி வைத்திருக்கிறார்கள். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் சொன்னால் அவரே பதிவு செய்து தருவார்.

மாநிலத்துக்கு மாநிலம் சொத்து வரிச் சலுகை, முன்னாள் போர்க்கைதிக்கான வண்டி எண் பலகை, அதற்குக் கட்டணத் தள்ளுபடி என்று சின்னச் சின்ன உதவிகள் வேறுபடும். சில மாநிலங்களில் கணவர் இறந்த பிறகும் மனைவிக்குச் சொத்து வரிச் சலுகை தொடரும். ஆனால் அதைப் பெயர் மாற்றிக் கேட்க வேண்டும், தானாக மாறாது. மாவட்டச் சேவை அலுவலரைப் பார்க்கப் போகும்போது இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பணி விடுப்புச் சான்று மூன்றிலும் சில பிரதிகள் எடுத்துப் போங்கள். வி.ஏ., மாநிலம், இடுகாடு என்று ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகக் கேட்பார்கள். மூலப் பத்திரத்தை மட்டும் எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள்.